மயில்கழுத்துக்குப் பின்னால்

பேட்டரி தேடிக் கேமரா பையின் பக்க ஜிப்பைத் திறந்தேன். முதலில் வெளியே வந்தது பட்டு வாசனை. அந்த மயில்கழுத்துத் துண்டு உள்ளேதான் இருந்தது. முள்ளிப்பட்டு கிராமத்தில் உன் வீட்டுத் தறியில் நெய்த சேலையில் கறை பட்டுவிட்டதென்று, அதில் நல்ல பக்கமாகப் பார்த்து நீ வெட்டிக்கொண்டு வந்த துண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இப்படிச் சாய்த்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பையிலிருந்து எடுத்து வேறெங்காவது வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆரணிப் பட்டுக்கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துத்தானே நம் ஸ்டுடியோ பிழைத்தது. படத்தில் நிறம் மாறிவிட்டால் வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்புவார். கடைக்காரர் நம் வாசலில் வந்து கத்துவார். அதனால் புதுக் கேமரா வாங்கச் சென்னைக்கு பஸ் ஏறும்போதெல்லாம் துண்டும் நம்மோடு ஏறும். கடையில் மெகாபிக்சல் புராணம் ஆரம்பித்ததுமே நீ துண்டை உதறிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விடுவாய். இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்து, "அவரு பேசிகினே இருக்கட்டும், நீ எடுடா. ரெண்டு கலரும் தெரிஞ்சா வாங்கலாம். இல்லன்னா ஜல்தியா கெளம்பு, பஸ்ஸ புடிக்கலாம்" என்பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய லென்ஸைக் கண்டால் வாய் பிளக்கிற ஆள் நான். ஒருமுறை ஒன்றைக் கையில் எடுத்துக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். "இத்த தூக்கினு முகூர்த்தம் முழுக்க நிப்பியா? சாயந்தரம் தோளு வலிக்குது, தைலம் தேய்டான்னு எங்கிட்ட வராத" என்றாய். கடைக்காரரே சிரித்துவிட்டார். கேமரா பழசானாலும் லென்ஸ் நல்லதாக இருக்க வேண்டும், ஜரிகை மேல் நேராக ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. இந்த இரண்டில் மட்டும் நமக்குள் சண்டையே வந்ததில்லை.

முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் கேமரா வந்தபோது, திரையில் ஒரு சின்னக் கட்டம் ஓடிப்போய் உன் முகத்தில் உட்கார்ந்துகொண்டது. துணி மங்கிவிட்டது. "மூஞ்ச எதுக்கு புடிக்குது இது, பேஜாரு! ஆஃப் பண்ணுடா. என்னையா விக்கப் போறோம்?" என்றாய். சிரித்துக்கொண்டே ஆஃப் செய்தேன். துணி எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கி எடுத்தேன். பின்னால் இருந்தது நீ.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ, திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் உன் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தாள். "ஊருல இருக்கிறவங்களயெல்லாம் படம் புடிச்சாரே அண்ணா. வீட்டுல அவரு படம் ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல. ஒண்ணு குடுங்க, மாலை போடணும்" என்றாள்.

இருந்த ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் தேடினேன். கல்யாணங்களில் நீ லைட் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாய். எந்தப் படத்திலும் விழவில்லை. நீ இருந்தது ஒவ்வொரு கேமராவின் முதல் படத்தில் மட்டும். எல்லாவற்றிலும் மயில்கழுத்தின் இழை இழையாகத் தெரிகிறது. அதற்கு மேலே கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் ஒரு முகம்.

மங்கலைத் தெளிவாக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அது ஒரு முகத்தை வரைந்து கொடுத்தது. வழவழவென்று, அழகாகக்கூட இருந்தது. உன் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருண்ணா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் உன் டிரைவிங் லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல் முறைத்துக்கொண்டிருக்கிறாய். உன் வீட்டுக்குப் போனால் அந்தச் சுவரை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன வாரம் நம் பழைய கேமராவின் ஷட்டர் போய்விட்டது. இனித் தேறாது என்றார் மெக்கானிக். தை முகூர்த்தங்கள் வருகின்றன, சும்மா இருக்க முடியாது. தனியாகச் சென்னைக்குப் போனேன். "ஆளு திரும்பி நின்னாலும் கண்ண தேடிப் புடிச்சிக்கும் சார். எத்தன பேரு இருந்தாலும் மிஸ் ஆகாது" என்று கடைக்காரர் புதுக் கேமராவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். குறுக்கிட்டுப் பேசுவதற்கு நீ இல்லை.

துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பிடிக்க ஆளில்லாமல் ஒரு நாற்காலி முதுகில் விரித்துப் போட்டேன். முகம் தேடும் கட்டத்தை இந்த முறை ஆஃப் செய்யவில்லை. அது துணியின் மேல் அங்கும் இங்கும் தாவியது. துணிக்கு மேலே, உன் தலை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. அங்கே எதுவும் கிடைக்காமல் அணைந்துவிட்டது.

படத்தில் நீலமும் வந்திருந்தது, பச்சையும் வந்திருந்தது. நீ வைத்த பரீட்சையில் பாஸ். வாங்கிக்கொண்டேன். துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கேமராவைத் திறந்து அந்த முதல் படத்தை ஆரணி வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தேன். துணிக்குப் பின்னால் மங்கலாகக்கூட யாரும் இல்லையடா.