கற்பூரம் அணையுமுன் சொல்ல வேண்டிய பேர்

ஊருக்கெல்லாம் துச்சாதனனாகவும், எனக்கு மட்டும் பூரானைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்ளும் அண்ணனாகவும் இருந்த என் மாணிக்கம் அண்ணாவுக்கு,

உனக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டாய். இங்கே நான் பயத்தில் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் விசிறிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஏழுமலை பாயில் ஜுரத்தோடு படுத்திருக்கிறான். உன் மருமகன், எனக்கிருக்கும் ஒரே பிள்ளை.

உன்னிடம்தான் எழுதுகிறேன், ஆனால் ரகசியம் இல்லை. இதைக் கோயில் வாசலில் படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். ஊரும் கேட்கட்டும். ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள், நடந்தது என்ன என்று தெரிய வேண்டாமா?

போன வருஷம் பாரதக் கூத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நினைவென்று ஒன்று அங்கே உண்டா? துரோபதை அம்மனின் முந்தானையைத் தொடுமுன் துச்சாதன வேஷக்காரன் கற்பூரம் ஏற்றி, தன் பேரையும் அப்பன் பேரையும் சொல்லி, இழுக்கப்போவது வேஷம்தான், நான் இல்லை தாயே என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கற்பூரம் எரியும்போதே கேட்க வேண்டும். நீ தட்டைக் கையில் எடுத்தபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. கற்பூரம் அவிந்தது. சனம் கத்தியது, கூத்து வாத்தியார் கத்தினார், நீ பேர் சொல்லாமலே முந்தானையைப் பிடித்துவிட்டாய். ஆடி பிறக்குமுன் உன்னைப் பாலாற்று மணலுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் விஷ ஜுரம் என்றார். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த வேஷத்தைக் கட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை. வாத்தியார் சோளிங்கர், காவேரிப்பாக்கம் என்று அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். சேதி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. துகில் உரிதல் இல்லாமல் பாரதம் நடத்தலாமா என்றுகூடப் பேசினார்கள். அது இல்லாமல் அம்மன் எதற்குச் சபதம் போடுவாள், கூந்தலை எதற்கு விரிப்பாள்? கூத்தையே நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் இந்த ஏழுமலை மண்ணைப் போட்டான்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்தவன், கையில் சுண்ணாம்பு நாற்றம்கூடப் போகவில்லை, சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னான்.

"மாமா வேஷத்த நான் கட்றேம்மா."

"இன்னாடா சொன்ன? மாமன் போனது பத்தலையா உனக்கு?"

"மாமா ஜுரத்துல போனாரு."

"உனக்கு எவன்டா ஆட்டம் கத்துக் குடுத்தான்?"

"நீதான்," என்று சிரித்தான் பாவி.

உண்மைதான் அண்ணா. உனக்குப் படிக்க வராது என்று அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் வரி வரியாகச் சொல்ல, நீ திரும்பப் பாடுவாயே. அப்போது இவன் தூளியில் கிடந்தான். பால் குடித்த பிள்ளைக்குப் பாட்டு ஏறும் என்று யார் கண்டது? தோல் சுரண்டும்போது உன் விருத்தம் எல்லாவற்றையும் பாடுகிறானாம், கூட வேலை செய்பவர்கள் அவனுக்குப் பின்பாட்டுப் பாடுகிறார்களாம். இது எனக்கு மட்டும்தான் தெரியாது. அவன் ஆடுவதைப் பார்த்து இன்னும் நாலு பையன்கள் வாத்தியாரிடம் போய் நின்றிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் போய் அழுதேன். "இன்னாமா இவ்ளோ பேஜார் பண்ணிக்கிற? புள்ள தெகிரியமா கீறான், நீ குறுக்க நிக்காத. நான் அல்லாகிட்ட துவா பண்றேன்" என்றாள். என் வீட்டுக்காரரோ வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

கூத்தன்று விடியும் நேரத்துக்குத் துகில் உரியும் கட்டம் வந்தது. தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி ஓட்டும் கோவிந்தசாமி அண்ணன்தான் துரோபதை. உன் கிரீடத்தில், உன் புஜக்கட்டையில் ஏழுமலை வந்து நின்றான். பின்னாலிருந்து பார்த்தால் நீயேதான். மத்தளம் நின்றது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கற்பூரம் எரிந்தது. அவன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"தாயே, நான் துச்சாதனன் இல்ல. முனுசாமி புள்ள மாணிக்கம். வேசத்துக்குத்தான் உன் முந்தானைய தொடறேன், மன்னிச்சிடு."

உன் பேர், அண்ணா. நம் அப்பா பேர். போன வருஷம் நீ சொல்லாமல் விட்டதை உனக்காகச் சொன்னான். யாரோ ஒரு கிழவர் விசும்பினார். எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அடுத்து அவன் தன் பேரைச் சொல்லவில்லை. கிரீடத்தை மாட்டிக்கொண்டு முந்தானையை நோக்கிக் கையை நீட்டினான்.

"டேய், உன் பேர சொல்றா!" என்று கத்தினேன். மத்தளம் அதற்குள் தொடங்கிவிட்டது. யார் கேட்பார்கள்? எழுந்து ஓடினேன். பொம்பளை ஆட்டக்களத்துக்குள் காலை வைக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? கற்பூரத் தட்டுக்கு முன்னால் விழுந்து, "தாயே, இவன் ஏழுமலை!" என்றேன். அப்பன் பேரும் சொல்ல வேண்டுமே. அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. கட்டினவர் பேரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. உனக்குத் தெரியும், அந்தப் பேருள்ள சாமியைக்கூட வேறு பேர் சொல்லித்தான் கும்பிடுவேன். கண்ணை மூடிக்கொண்டேன், "கோபால் புள்ள!" என்று ஊரே கேட்கக் கூவினேன்.

கண்ணைத் திறந்தால் தட்டில் புகை. அப்போது கற்பூரம் எரிந்துகொண்டிருந்ததா, நான் தயங்கிய நேரத்தில் அணைந்துவிட்டதா? கோவிந்தசாமி அண்ணனைக் கேட்டால், "நான் கண்ண மூடிக்கினு இருந்தேன் தங்கச்சி" என்கிறார். வாத்தியார் எரிந்தது என்கிறார், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார். நீயாவது மேலிருந்து பார்த்தாயா?

வீட்டுக்கு வந்ததும் அறையலாம் என்று கையை ஓங்கினேன். "மாமா பேர வுடாம சொல்லணும்னே நெஞ்சு பூரா இருந்துச்சும்மா. என் பேரு மறந்தே பூட்ச்சி" என்றான். இப்படி ஒரு பைத்தியத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? மறுநாள் உடம்பு சுட ஆரம்பித்தது. உனக்குச் சுட்ட மாதிரியே, முதலில் பிடரி, பிறகு நெஞ்சு.

அப்போதிலிருந்து கண் திறக்கும்போதெல்லாம், "உன் பேர் இன்னாடா?" என்று கேட்கிறேன். "ஏழுமல" என்பான். எனக்கு உயிர் வரும். நேற்று மத்தியானம் கேட்டதற்கு, "மாணிக்கம்" என்றான். கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஜுரத்தில் உளறினானா? இல்லை, நீ வந்தாயா? வந்திருந்தால் உன் காலைப் பிடிக்கிறேன், திரும்பிப் போ அண்ணா. உன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பிள்ளை பக்கத்தில் நீ வரக்கூடாது. உன் பேரை அவன் சொல்லிவிட்டான், உன் காரியம் முடிந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டு இப்போது மறுபடி கேட்டேன். "ஏழுமலதாம்மா. கோபால் புள்ள ஏழுமல. எத்தினி வாட்டி கேப்ப?" என்று சலித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தபடி, "என் பேரு உங்கம்மா வாயில நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார். அந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளைக்கு உடம்பு இன்னும் சுடுகிறது. எனக்குப் பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் வேஷத்தை எடுத்துப் பெட்டியில் பூட்டமாட்டேன். அடுத்த வருஷம் கற்பூரத் தட்டை நானே பிடிப்பேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. வேஷம் கட்டுகிறவன் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் உன் பேரை. இவனுக்குப் பின்னால் வரும் பையன்களுக்கும் அதுதான். ஒவ்வொருவனும் தன் பேரை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை, என் கை வெந்தாலும் அந்தக் கற்பூரத்தை அணையவிடமாட்டேன்.

இது வேஷம் இல்லை, நான்தான்:
முனுசாமி மகள், கோபால் மனைவி, ஏழுமலையின் தாய்,
உன் தங்கை கண்ணம்மா