பொட்டு ஒட்டின சுவிட்ச்

திங்கள்.
விடிந்ததிலிருந்து மழை. இல்லடா சேகரு, உன் பொண்ணு படிப்பை நான் கெடுக்கவில்லை. அவள்தான் கூப்பிட்டாள், "தாத்தா, நீ கேளு, நான் சொல்றேன்" என்று. நீ கத்திவிட்டுக் கதவை அறைந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாய். பதில் இங்கே எழுதுகிறேன்.

பேத்தி தேவி, விமானப்படைப் பயிற்சியில் ஒரு பரீட்சை தவறி, லீவில் வந்திருக்கிறாள். என்ன தவறு? வாய் திறக்க மாட்டாள். திரும்பப் போனதும் மறுபரீட்சை. அதிலும் விட்டால் பறப்பது அவ்வளவுதான்.

பீரோ கதவில் விமானத்தின் உள்பக்கப் படம். எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. கிளப்புமுன் சரிபார்க்க வேண்டியதெல்லாம் ஒரு அட்டையில்; நான் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எனக்காகத் தமிழில் எழுதித் தந்திருக்கிறாள். அவள் அந்தந்த சுவிட்சைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும்.
"பேட்டரி?"
"ஆன்."
"ஃபியூயல்?"
"ஆன்."
"புருசன்?"
"ஆன்."
அப்புறம்தான் முறைத்தாள். சேகரு கத்தினது இதற்குத்தான்.

செவ்வாய்.
வெயில். மந்தைவெளி மார்க்கெட். கத்தரிக்காய், ரவை, ஒட்டுப்பொட்டு ஒரு அட்டை.
கடைக்காரம்மா: "யாருக்கு நைனா, புது ஆளா?"
"ஏரோபிளேனுக்கு."

புதன்.
படத்தில் ஃபியூயல் சுவிட்ச் மேல் பெரிய சிவப்புப் பொட்டு ஒட்டினேன். சுவிட்சே தெரியவில்லை.
"ஃபியூயல்?"
விரல் பொட்டின் மேல். "ஆன்." அடுத்ததற்குப் போய்விட்டாள்.
இருமல் வரும்வரை சிரித்தேன். "பொட்டத் தொட்டு ஆனுன்ற! நீ இன்னா பிளேன் ஓட்டப் போற?"
அவள் சிரிக்கவில்லை.
"அங்கயும் இத்தான் தாத்தா ஆச்சு. சொல்லிக்குடுக்கிற சாரு எனக்குத் தெரியாம ஃபியூயல ஆஃப் பண்ணி வச்சாரு. நான் பாக்காம ஆனுன்னேன். தரையில நிக்கறப்பவே செத்துட்டியேம்மான்னாரு. அவரும் உன்ன மாதிரிதான் சிரிச்சாரு."
சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே.

வியாழன்.
புழுக்கம். முழங்கால் வலி. சேகரு அவளிடம், "வுட்டுத் தொலைம்மா. பேங்க் பரீட்ச எழுது." அவளுக்கு என்னோடு பேச்சில்லை. பொட்டை உரித்தேன். பசை போகத் தேங்காய் எண்ணெய்.

வெள்ளி.
வானம் மப்பு. சாயங்காலம் ரயில். பை கட்டியாகிவிட்டது. அவளாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டையை எடுத்தேன்.
"பேட்டரி?"
படத்தைப் பார்க்காமல் என் மூஞ்சியைப் பார்க்கிறாள். "இன்னா பண்ணி வச்சிக்கீற?"
"ஒண்ணும் பண்ணல."
"சிரிக்கிற."
என் மூஞ்சியே அப்படித்தான், என்ன செய்ய? சுவிட்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அடுத்தது கேட்டேன். மறுபடி முதல் சுவிட்சுக்கே போனாள். நான் வரி எதையாவது விட்டேனா என்று அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். பாதிகூடத் தாண்டவில்லை.
"அங்க இவ்ளோ நேரம் குடுக்க மாட்டாங்க தாத்தா."
சேகரு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். பையைத் தோளில் மாட்டினாள்.
"தேவி, உன் மேல சத்தியமா, இந்தத் தபா நான் ஒண்ணுமே..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.