நீ வண்டியை நிறுத்தியது சரி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், என் வலது உள்ளங்கை மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு ஓய்வில் இருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், இடையில் புத்தக வாடை அடித்தால் அது அவள் நுழைத்தது. நீயும் நன்றாக இருக்கிறாய் என்றும், ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்ததும் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காமல் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றும் நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாயின் ஒழுகலை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். சின்னவள் பள்ளி நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை எல்லாம் முடித்துவிட்டு இப்போது அகராதியில் கை வைத்திருக்கிறாள்.

இனி வண்டி விஷயம். நீ லீவு முடிந்து கிளம்பிய அன்று வாசலில் நின்று, "இருபத்திரண்டு வருஷம் நான் காப்பாத்தினத ஒரே நாள்ல கொதிக்க வச்சுட்டியே" என்று உன்னிடம் கத்தினேன். சிநேகிதிகளோடு அதில் மலைக்குப் போனதையும் சேர்த்துப் பேசினேன். "சூடு காட்டுற முள்ளு ஏறின உடனே நிறுத்திட்டேன்ப்பா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய், இரண்டு தடவையும் நான் நம்பவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போனவள், மூன்று வாரமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் சொல்ல வரும்.

நீ போன பிறகு ரேடியேட்டரில் தினம் ஒரு பாட்டில் தண்ணீர் குறைந்தது. சின்னவள் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்துப் பார்த்தாள், காலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "அப்போ தண்ணி எங்கதான்ப்பா போகுது, ஆவியா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போய் நின்றவள், புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வருவதைப் பார்த்துவிட்டாள். அரை மணி நேரம் ஓடிய பிறகும் அது நிற்கவில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தை நான் டயரில் எவ்வளவு காற்று என்று பார்க்க மட்டுமே திறந்திருக்கிறேன், அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. "எண்ணெயில தண்ணி கலந்திருக்குப்பா. எஞ்சினுக்குள்ள ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும்னு சந்தேகம்" என்றாள், அவள்தான் டாக்டர் போல. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, ஓடிச் சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். ஆமாம், சூட்டில் அதைத் தொடவே கூடாது என்று உன்னிடம் நூறு தடவை சொன்ன அதே நான்தான். அம்மா வெந்துபோன என் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் சொன்னவரு தன் கைக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாரு" என்றாள்.

பிறகு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்குப் போனோம். அங்கே மெக்கானிக் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்க விட்டிருப்பார். சின்னவள் தான் கண்டதை எல்லாம் ஒப்பித்தாள். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "படிச்சது சரிதான் கண்ணு. ஆனா வண்டிக்குப் படிக்கத் தெரியாதே. அதையே கேட்டுப் பாத்துடுவோம்" என்றார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, அதை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு ரப்பர் குமிழை அழுத்தினார். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று அந்த நீலத்தின் வழியே குமிழ்களாக ஏறியது. தண்ணீர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் எரிந்த புகையும் இருந்தால் நிறம் மாறும் என்றார். நானும் சின்னவளும் குனிந்து பார்த்தோம். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணெதிரே வந்து நின்று ஆமாம் என்று சொன்னதுபோல இருந்தது, எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. அடுத்து பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். முதலும் நான்காவதும் நூற்று அறுபதைத் தாண்டின, நடுவில் இருந்த இரண்டும் தொண்ணூறோடு நின்றுவிட்டன. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுச்சுவரு விழுந்துருக்கு" என்றார்.

எஞ்சினைத் திறக்க முதலில் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். முன்பக்க வலையை எடுத்தவர், "இது யாரு வச்சது?" என்று உள்ளேயிருந்து ஒன்றை உருவினார். கறுப்பு அட்டை. ரேடியேட்டரில் முக்கால் பங்கை மூடும் அளவுக்கு, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, நனையாதபடி லேமினேட் செய்தது. அப்படி ஒரு அட்டையை அச்சகத்தில் வேலை செய்கிறவனைத் தவிர வேறு யார் வெட்டுவார்கள்? குளிர்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாகி, உள்ளே அம்மாவின் முழங்காலுக்கு வெப்பக் காற்று வரட்டும் என்று நான்தான் வைத்தேன். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று கறுப்பில் வெட்டினேன். தெரியாமல் இருந்ததால் எனக்கே மறந்துபோனது. வெயில் வந்தது, நீ வந்தாய், அந்த அட்டையோடுதான் மலை ஏறினாய். காற்றே படாத ரேடியேட்டர் எப்படிக் குளிரும்? மெக்கானிக் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேர்த்தியா வெட்டியிருக்கீங்க சார்" என்றார். அதைவிட இரண்டு அடி கொடுத்திருக்கலாம். வீட்டில் சொன்னபோது அம்மா தட்டைச் சற்று ஓசையாக வைத்தாள்.

மறுநாள் எஞ்சினின் தலையைக் கழற்றி, அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருந்த கேஸ்கட்டை உரித்து என் இடது கையில் கொடுத்தார். அட்டையின் கனத்தை விரலால் தடவியே சொல்கிறவன் நான். சாதாரணப் புத்தக அட்டைதான் பெரியவளே, அதற்கு மேல் கனம் இல்லை. அதில் பெரிய வட்டங்கள் நெருப்புக்கு, சின்ன ஓட்டைகள் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும். ஒரு விரல் அகலத்துக்குள் மூன்றும் அண்டை அயலாக இருக்கின்றன. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒவ்வொரு வட்டத்திலும் நெருப்பு வெடிக்கிறது, பக்கத்தில் தண்ணீர் தன் பாட்டுக்குப் போய் வருகிறது, ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. உன்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனதும், இவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இந்த மெல்லிய தகட்டின் மேல்தானா என்று எண்ணி அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வட்டங்களுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு எரிந்திருந்தது. அவ்வளவுதான் சேதம்.

ஆனால் எஞ்சினின் தலையே சூட்டில் வளைந்திருந்தால் வண்டியை உடைக்கக் கொடுக்க வேண்டியதுதான் என்றார். ஒரு இரும்பு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி வைத்து, அடியில் மிக மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்த்தார். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை. எங்கும் நுழையவில்லை, வளைவே இல்லை. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னிக்கு ஓட்டினது யாரு?" என்றார். என் மூத்த பெண் என்றேன். "பயந்துபோய் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாகூட இது வளைஞ்சிருக்கும். சரியா நிறுத்தியிருக்கா, ஆற வச்சுருக்கா. வண்டிய அவதான் காப்பாத்தியிருக்கா" என்றார். சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நேற்று எல்லாம் பூட்டி முடித்து, சோதனைக்காக அவர் மேட்டுச் சாலையில் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழி முழுக்க அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுவில் நின்றது, அசையவே இல்லை. அப்படி இருந்தும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உனக்கு அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வளைவில் ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஹாரன், வண்டிக்குள் சிநேகிதிகள் சிரிப்பு. அதற்கு நடுவில் நீ அந்தச் சின்ன முள்ளைக் கவனித்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்திருக்கிறாய். எனக்கு அந்த நிதானம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. மூடியைத் திறந்த லட்சணத்தைப் பார்த்தால் இருந்திருக்காது.

இந்த இடத்தில் சின்னவள் பேனாவை நிறுத்தி, "நாங்க தப்பா நெனச்சுட்டோம்னு எழுதவாப்பா?" என்று கேட்கிறாள். நாங்கள் இல்லை, நான் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் தப்பாகச் சொன்னேன். நீ உண்மையைச் சொன்னாய். என்னை மன்னித்துவிடு.

போகும் இடமெல்லாம் உன் கண்ணும் கையும் இதே நிதானத்தோடு இருக்கட்டும், உன்னிடம் வரும் நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடந்து வீடு போகட்டும். உன் ஊர்க் குளிருக்குக் கம்பளி உடுப்பு அனுப்புகிறேன், அளவு பெரிதாக இருந்தால் உடனே சொல். மறக்காமல் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து அம்மாவுக்கு போன் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஞாயிறு நான் கடைக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
(சொல்லக் கேட்டு எழுதியவள் உன் தங்கை. அப்பா சொன்ன எதையும் நான் மாற்றவில்லை.)