மெல்ல ஆறிய குடுவை

டிசம்பர் 9, 2024
இந்த முறையும் செத்துவிட்டது. நாள்பட வைத்துப் பயன்படுத்த ஃப்ரீசரில் போட்டிருந்த உறைமோரை எடுத்துப் பாலில் விட்டேன். மாலை வரை பால் பாலாகவே கிடந்தது. வீரபாண்டியன் எட்டிப் பார்த்தான். என் மனைவியின் தம்பி, இந்தத் தயிர்க் கம்பெனிக்கு முதலாளி.

"என்ன மச்சான், உங்க பூச்சிக மறுபடி மண்டையப் போட்டுருச்சா? பொங்கலுக்குள்ள நடக்கலைன்னா நான் வெளிய உறைமோர் பாக்கெட்டு வாங்கிக்கிறேன். இந்த ரூம்ல டப்பாவாச்சும் அடுக்கலாம்."

அந்த அறைதான் என் ஆய்வகம். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் மச்சினன் சம்பளத்தில் இருக்கிறேன். எனக்கு வரவேண்டிய கல்லூரி வேலையை எனக்குப் பின்னால் படித்து வந்த மீனாளுக்குக் கொடுத்தார்கள். மறக்கவில்லை.

டிசம்பர் 11
என்ன குறை வைத்தேன்? கடைசி நிமிடம் வரை நாற்பத்திரண்டு டிகிரிக் கதகதப்பு, அங்கிருந்து நேரே ஃப்ரீசர். பச்சைப்பிள்ளையைக்கூட இப்படித் தாங்க மாட்டார்கள்.

டிசம்பர் 14
விடிய விடிய மழை. கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஊத்தி வைடா, ஊத்தி வைடான்னு எத்தனை தடவை சொல்றது! காலையில் வெப்பப்பெட்டியைத் திறந்தால் உள்ளே குடுவை ஆறிக் கிடக்கிறது. கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. ஃப்ரீசரில் வைத்தேன் — செத்ததை எடுத்து வீரபாண்டியன் முகத்துக்கு நேரே நீட்டுவதற்காக.

டிசம்பர் 21
பால் உறைந்துவிட்டது! கரண்டி போட்டால் கட்டியாக வெட்டுப்படுகிறது. சாவை நிரூபிக்க எடுத்தேன், உயிரோடு வந்து நிற்கிறதே. எப்படி?

டிசம்பர் 22
ராத்திரி முழுக்க யோசித்தேன். படித்ததுதான், கண்ணால் பார்த்ததில்லை.

அந்த நுண்ணுயிரைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. அதே கதைதான். சூட்டில் வளரும்போது சவ்வில் நேரான கொழுப்புகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அப்போது அதுதான் சரி, இல்லாவிட்டால் சவ்வு நீர்த்து ஒழுகிவிடும். அந்த நிலையில் குளிரில் தள்ளினால் விறைத்து விரிசல் விடும். ஆனால் மெல்லக் குளிர்ந்தால், வளைந்த கொழுப்புகளைச் செய்து இடையிடையே செருகிக்கொள்கிறது. வளைந்த சுள்ளிகளை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கட்டு நெகிழ்ந்துதானே இருக்கும்? சவ்வும் அப்படியே.

மூளை கிடையாது, கண் கிடையாது. ஒரு ராத்திரிக்குள் தன் தோலையே வேறு சரக்கில் திருப்பிக் கட்டியிருக்கிறது. ஐம்பது வயதாகியும் ஒரு வேலை கைமாறிப் போனதையே என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 23
ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். ஒரே குடுவையை இரண்டாகப் பிரித்தேன். பாதி சூட்டோடு நேரே ஃப்ரீசருக்கு. பாதி மெல்ல ஆறியபின்.

ஜனவரி 2
சூட்டோடு போனது செத்தது. ஆறிப் போனது பிழைத்தது.

ஆனால் கொழுப்பு மாறியதா என்று பார்க்கும் கருவி கல்லூரியில்தான் இருக்கிறது. அதாவது மீனாளிடம்.

வேண்டாம்.

ஜனவரி 3
போன் செய்தேன்.

"அண்ணே! இம்புட்டு வருசத்துக்கப்புறம் இப்பத்தான் நம்பர் கெடச்சுச்சா? கொண்டாங்க. நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

ஜனவரி 9
மீனாள் முடிவைத் திரையில் காட்டினாள். ஆறிய பாதியில் வளைந்த கொழுப்பு தெளிவாகக் கூடியிருந்தது.

"என்னமா சமாளிச்சிருக்குண்ணே!"

"நீயும் நல்லாத்தான் அளந்திருக்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரித்தாள். கருவியை இவ்வளவு சுத்தமாக நான் வைத்திருந்திருப்பேனா? சந்தேகம்தான்.

ஜனவரி 12
வீரபாண்டியன் தயிரை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தான்.

"புளிக்கலையே. எம்புட்டு நாளாச்சு இந்த உறைமோர ஃப்ரீசர்ல வச்சு?"

"உன் ஜெனரேட்டர் படுத்த அன்னைக்கு வச்சது."

"அப்ப நாந்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லுங்க!"

பாக்கெட்டுக்குக் கொடுத்த ஆர்டரை என் எதிரிலேயே போனில் ரத்துசெய்தான்.

ஜனவரி 14, பொங்கல்
இன்று குன்றக்குடி வண்டியில் போன தயிர் முழுக்க என் உறைமோரில் உறைந்தது. இரண்டு டப்பாவை மீனாள் வீட்டில் கொடுத்துவிடும்படி டிரைவரிடம் சொன்னேன். வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் நிறுத்தி, டப்பாக்களை இறக்கிக்கொண்டேன்.

நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.