பலகையைத் தட்டிவிட்டுக் காத்திரு

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சௌமியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். ஸ்வீடன் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு கவலை இல்லை. கவலை இல்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வந்தபோது தொட்டிலுக்கென்று கொடுத்தனுப்பினேனே ஒரு பலகை, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் அதன்மேல் மெஷினை வைக்காதே. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், பக்கத்தில் உன் அம்மா நிற்பாள், அவளுக்கு ஏற்கெனவே பிரஷர் ஜாஸ்தி. அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு நீ இப்போதே தொட்டில் செய்வதே பிடிக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னே எதற்கு, வெறும் தொட்டிலை யாராவது ஆட்டிவிட்டால் என்ன ஆவது என்று நாள் முழுக்கப் புலம்புகிறாள். ரூட்டர் வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது வைஃபை பெட்டி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவள்தானே, அந்த மரம் செதுக்கும் மெஷின் போடும் சத்தத்தில் இப்போது அப்பளம்கூட நொறுங்குகிறதாம். நீ கேட்ட, மெஷினில் மாட்டும் பிட் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது பிட் அடங்கிய பெட்டியைக் கம்மி விலை என்று வாங்காதே, அதில் நாற்பத்தைந்து பெட்டியிலேயே தூங்கும். தொட்டிலுக்கு இரண்டு போதும், காடிப் பள்ளம் வெட்ட நேரான பிட் ஒன்று, பிள்ளையின் கை படும் விளிம்பையெல்லாம் மழுக்க நுனியில் பேரிங் வைத்த ரவுண்டு பிட் ஒன்று. வெட்டும் முனை கார்பைடாக இருக்கட்டும், தண்டு உன் மெஷினுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. பிட்டை அடிவரை செருகி, ஒரு நூல் அளவு மேலே இழுத்து, பிறகு முறுக்கு. ஒரே தடவையில் ஆழமாக வெட்டாதே, கொஞ்சம் கொஞ்சமாக எடு. பேரிங் விளிம்பு போகிற வழியிலேயே போகும், விளிம்பில் பள்ளம் இருந்தால் அதையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். மூக்கை மூடிக்கொள், அந்தத் தூசி இரண்டு உயிருக்கும் ஆகாது.

மரம் கருகினால் பிட் மழுங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மாப்பிள்ளை ஊருக்குப் போன பிறகு, உன் பலகை இருந்த அதே அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்து அம்மாவுக்குச் செருப்பு ஸ்டாண்டு செய்ய ஆரம்பித்தேன். மூடிவிட்ட ஏதோ ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்மை உடைத்து எடுத்த பலகை, பட்டைச்சாற்றில் ஊறியது, இரும்பு மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் பழைய மரக்கடைக்காரன் விற்றான். புது பிட் போட்டும் ஓரிடத்தில் மட்டும் கருகியது. வேலூருக்குப் போய்க் கடைக்காரனைத் திட்டி வேறு பிட் வாங்கி வந்தேன், அதுவும் அதே இடத்தில் கருகியது. புகையில் மர வாசனை இல்லை, டிரம் மூடியைத் திறந்தால் வருமே அந்தப் பச்சைத்தோல் வாசனை, கொட்டகை முழுக்க நின்றது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா இது, ரிட்டயர் ஆன ஆளு மேல ஷாப்பு வாசன வருது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் ஷாப்பில் டிரம் ஃபிட்டராக இருந்தபோது ஒரு பழக்கம் உண்டு. டிரம்முக்குள் ஆள் இறங்கிக் கழுவுவான். அதனால் சுவிட்ச் போடும் முன் வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான், தட்டினால் சுவிட்சைத் தொடாமல் மூடியைத் திறந்து கை கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். உமர் ஃபாரூக் என்று ஒருவர் இருந்தார், நீ கைக்குழந்தையாக இருந்தபோது நோன்புக்கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். என் ஷிஃப்ட் இல்லாத ஒரு நாளில் அவர் உள்ளே இருக்கும்போது டிரம்மைச் சுற்றிவிட்டார்கள். தட்டினோம், பதில் வரவில்லை என்றார்கள். பக்கத்து டிரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் என்ன கேட்டிருக்கும்? மறுநாள் மூடிக்குப் பக்கத்துப் பலகையில் விட்டிருந்த விரிசலுக்குப் பித்தளைத் தகடு வைத்து அடித்தது நான்தான். அதை அடித்த கை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை, ரூட்டரைப் போடும் முன்னும் பலகையை மூன்று முறை தட்டிவிடுவேன். போன வியாழன் மத்தியானம் தட்டினேன், பலகை திருப்பித் தட்டியது. கூரையில் அணில் என்று நினைத்து மறுபடி தட்டினேன். மறுபடி மூன்று. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அடிப்பக்கத்திலிருந்து வந்தது, அடியில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. கருகிய இடத்தைச் சுரண்டினேன். பட்டைக்கறைக்குக் கீழே நான் அடித்த தகட்டின் அச்சும் நான்கு ஆணித் துளைகளும் இருந்தன. ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கொட்டகைக் கதவை அகலத் திறந்து, "உமர் பாய், வெளிய வாங்க, சுவிட்ச் போடல, நான் ராமமூர்த்தி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஈரமான ஆள் பக்கத்தில் நடந்துபோனால் படுமே, அப்படி ஒரு குளிர் முழங்காலில் பட்டுக் கடந்துபோனது. அதற்குப் பிறகு தட்டினால் அந்த அடுக்கில் எந்தப் பலகையிலும் பதில் இல்லை. அதே பிட்தான், வெண்ணெயை வெட்டுவது மாதிரி வெட்டுகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முந்தாநாள் நீ பேசும்போது, பக்கத்து வீட்டுக்காரன் பேஜார் பண்ணுகிறான், தொட்டில் வேலைக்கு உட்கார்ந்தாலே சுவரைத் தட்டுகிறான் என்று சொன்னாய். முறுக்கு சுட்டுக் கொடு, அடங்கிப்போவான் என்றாள் உன் அம்மா. நான் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? மெஷின் ஓடும்போது தட்டுகிறானா என்று. நீ சிரித்தாய். "இல்லப்பா, போடறதுக்கு முன்னாலயே. உன்ன மாதிரி நான் பலகைய மூணு வாட்டி தட்டுவேன்ல, ஒடனே அவனும் தட்றான்" என்றாய். சின்ன வயதில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தட்டித்தான் திறப்பாய், என்னைப் பார்த்துக் கற்றது. எதற்கென்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. சத்தமே வராத மெஷினுக்கு எவனம்மா சுவரைத் தட்டுவான்? உன்னிடம் இருப்பதும் அதே டிரம்மின் பலகை, இங்கே வெளியே வந்தவர் அங்கே இன்னும் உள்ளேயே இருக்கிறார். தட்டிவிட்டு நீ சுவிட்ச் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயப்படாதே கண்ணு. அவர் யாரையும் ஒன்றும் செய்கிற மனிதர் இல்லை, வெளியே வர வழி கேட்கிறார், அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள், ஒயரைப் பிடுங்கு, பனி கொட்டினாலும் கதவைத் திறந்து வை. பலகையைத் தட்டி, பதில் வந்ததும் உமர் பாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிடு, சுவிட்ச் போடவில்லை என்று சொல். ராமமூர்த்தி மகள் என்று சொல், உன்னைத் தூக்கியவர்தான். அன்றைக்கு அவர் தட்டியது அங்கிருந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை, உனக்குக் கேட்டிருக்கிறது. அந்தப் பலகை தொட்டிலுக்கு வேண்டாம், வேறு மரம் வாங்கிக்கொள்.

சுகப்பிரசவமாகி, பிள்ளையும் நீயும் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு அன்பு. இரும்பு மாத்திரையை விடாதே. தட்டினால் உடனே கையை எடுத்துவிடாதே, காத்திரு. உள்ளே இருப்பவருக்குப் பதில் சொல்ல நேரம் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமமூர்த்தி