ஸ்கார்வெக்கைப் பெட்டியில் போடுகிற வேலை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோடவுனில் ஜன்னல் இல்லை. கீழே மாமாவின் பொம்மைக் கடையில் குடை உதறுகிற சத்தத்தை வைத்துத்தான் மழை என்று தெரிந்தது.

இன்று திரும்பி வந்தவை: பேசும் கரடி 1, ரயில் 2, லாரியாக மாறும் ரோபோ ஸ்கார்வெக் 5. எல்லாமே 'உடைந்துவிட்டது' என்று. ஒன்றுகூட உடையவில்லை. ஸ்கார்வெக்கின் தோளை உள்ளே அழுத்திய பிறகுதான் கதவைத் திருப்ப வேண்டும். எல்லோரும் கதவை முதலில் திருப்பி, பாதி ரோபோ பாதி லாரியாகக் கொண்டுவருகிறார்கள். மாமா உச்சுக் கொட்டிக்கொண்டே வேறு பெட்டி கொடுப்பார். வந்ததை நான் லாரியாக்கி, நான்கு இடத்தில் முறுக்குக் கம்பி கட்டி, புது ஸ்டிக்கர் ஒட்டினால் மறுபடி புதுசு.

மாமா: "உன் கை பட்டா கம்பெனிக்காரனுக்கே அடையாளம் தெரியாது ஜெயந்தி." பாராட்டு. குறித்துக்கொள்கிறேன், அடிக்கடி வராது.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் இங்கே வந்தோம். ஒன்பதாவதோடு சரி. கடை கீழே, கோடவுன் நடுவில், வீடு மேலே. வெளியே போக ஒரே வழி, கடை வழியாக. "சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல ஜனம் எப்டி இடிக்குது பாத்தியா? நீ உள்ளயே சேஃபா கீற" என்பாள் அத்தை.

பத்தாவது தனித்தேர்வு விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. போட்டோ ஒட்டியாகிவிட்டது. அம்மா கையெழுத்தும். வெள்ளி பகல் 12 கடைசி. அத்தை என் பையைக் குடைவாள், தலையணை உறையையும். அதனால் ஸ்கார்வெக் (ஸ்.வெ.) பெட்டி ஒன்றில், அட்டைக்குப் பின்னால் வைத்து ஒட்டிவிட்டேன். மேல் அடுக்கு, இடது ஓரம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. குளிர். மதியம் புளிசாதம்.

ஸ்.வெ. பற்றி (எனக்காக மட்டும்):

பெட்டிக்குள் வரும் காமிக்ஸில்: சுரங்கம் தோண்டும் இயந்திரமாக மாறுவான். நல்லவர்கள் அவனை நூறு வருடம் பூமிக்கடியில் வேலை வாங்கிவிட்டு வழியை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கெட்டவன்.

டிவி கார்ட்டூனில்: விமானம். காரணமெல்லாம் கிடையாது. சிரிப்பான், விழுவான், பிடிபடுவான்.

பொம்மை: டிப்பர் லாரி. 22 மடிப்பு. பெட்டியின் பின்னால் 'தீயவன்' என்று ஒரே சொல். குணம் எழுத இடம் விடவில்லை.

மூன்றும் ஒரே ஆள் என்று எப்படி நம்புகிறார்கள்? கண் மட்டும் ஒன்று. மஞ்சள்.

கீழே ஒரு சின்னப் பெண் குரல்: "அப்பா, எனக்கு கெட்டவன்தான் வேணும்!" அப்பா: "நல்லவன் வாங்குடி, ரெண்டுக்கும் ஒரே ரேட்டு." அவள் விடவில்லை. எனக்குச் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

அத்தை மாவாட்டக் கூப்பிட்டாள். அரை மணி நேரம். திரும்பி வந்தால் மேல் அடுக்கு காலி. மாமாவே ஏறி, விற்கக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறார். மிச்சத்தைத் தரையில் அடுக்கியிருந்தார், ஏழு.

ஏழையும் பிரித்தேன். இல்லை. எது நான் ஒட்டியது, எது கம்பெனி ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை. ஏழையும் திரும்ப ஒட்டினேன்.

கீழே போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? படி வரை போனேன். மூன்று முறை.

அம்மாவிடம் சொன்னேன். "வேற ஃபாரம் கெடைக்காதா?" கிடைக்காது. ஃபாரம் கொடுப்பது போன வாரமே முடிந்தது. அம்மா அரிவாள்மணையை எடுத்தாள். வெங்காயம் நறுக்கினாள்.

நவம்பர் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினோரு மணி. கீழே ஒரு அம்மாளின் குரல். "புது பீஸுன்னு குடுத்தீங்க. உள்ள யாரோ பொண்ணோட போட்டோ ஒட்டின பேப்பர் இருக்குது. ஏன் சாமி, இது ஏற்கெனவே தொறந்த பொட்டியா?"

மாமா: "ஐயோ மேடம், ஃபேக்டரில வேலை செய்ற புள்ளைங்களோடதா இருக்கும். குடுங்க, கிழிச்சிப் போட்டுர்றேன்."

"கிழிக்காதீங்க. எக்ஸாம் பேப்பர் மாதிரி கீது. நாளைக்கு கடைசி தேதின்னு போட்டுக்கீது. பாவம் யாரோ."

சும்மா இருந்தால் கிழித்துவிடுவார். இறங்கினால் என் முகமும் போட்டோவும் ஒன்று.

இறங்கினேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். "அது என்னுது" என்றேன். கேட்கவில்லை போல. திரும்பவும் சொன்னேன்.

அந்த அம்மாள்: "உன்னுது எப்படிம்மா பொட்டிக்குள்ள போச்சு?"

மாமா என்னையே பார்த்தார். சொல்லாதே என்று கண்.

"நான்தான் வச்சேன். திரும்பி வந்த பொட்டிய நான்தான் ஒட்டுவேன்."

ஒரு ஆள் கையிலிருந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அந்த அம்மாள் ஃபாரத்தை மாமா கையில் கொடுக்கவில்லை, என் கையில் வைத்தாள். "பொம்மைய நானே வச்சிக்கிறேன், பாப்பா அழுவா" என்று போய்விட்டாள்.

மாமா திட்டவில்லை. அதுதான் பயம். சாயங்காலம் அத்தை மட்டும்: "சோறு போட்ட வீட்டையே கவுத்துட்டியேடி."

நவம்பர் 7, வெள்ளி

மழை, நன்றாகவே.

ஒன்பதரைக்கு ஃபாரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. நடுவில் ஸ்டூல் போட்டு மாமா.

"போறதுன்னா போ. தடுக்க மாட்டேன். ஆனா உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போயிடு. ரெண்டு பேரும் திரும்பி வர வேணாம்."

நின்றேன். ஃபாரத்தை அவரிடமே கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். உண்மை, அதனால் எழுதுகிறேன். ஏறிப்போய் அம்மாவிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் குறைக்கவில்லை.

அடுப்பில் பருப்பு. அம்மா அதை ஒரு தடவை கிளறினாள். பிறகு அணைத்தாள். பீரோவிலிருந்து ரேஷன் கார்டு, அப்பாவின் டெத் சர்டிபிகேட், இரண்டு புடவை. ஒரு கட்டைப்பை.

கடை வழியாகத்தான் வந்தோம். அம்மா குனிந்து ஷட்டரைத் தாண்டினாள். "வரேன் அண்ணா" என்றாள், எப்போதும் சொல்வது போல. மாமா ஸ்டூலை நகர்த்தவில்லை. நான் ஓரமாக இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது தேர்வு ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில். 10.40. அம்மா கேட்கிறாள், "அங்க கியூ பெருசா இருக்குமாடி?"