முப்பது டிகிரி என்றாள் நவமணி

புந்தோங், ஈப்போ
ஆகஸ்டு 1927

அன்பு மகன் கார்த்திகேசுவுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி நவமணியும் நல்லபடியாக இருக்கிறோம், கிளந்தான் காட்டில் நிலம் அளக்கும் உனக்கு மறுபடி காய்ச்சல் வராமல் இருக்கவேண்டும், கசக்கிறது என்று கொயினா மருந்தைத் துப்பிவிடாதே ஐயா.

நவமணி சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பெண்கள் பள்ளியில் மேல்கணக்கு இல்லை என்று அவளை ஆண்பிள்ளைகள் பள்ளியில் சேர்த்தோம். உன் மாமா பிச்சைமுத்து, "பொம்பளப் பிள்ளைய பையனுங்க நடுவுல உக்கார வைக்கிறதா, ஊரே சிரிக்கும்லா" என்று போட்ட சத்தத்தில், நானும் கூடப் போய் வராந்தாவில் தையலோடு உட்காருவது என்று முடிவானது. கணக்கு மாஸ்டரும் பள்ளித் தவணை முடியும்வரை பார்ப்பேன், தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார்.

போன வாரம் அவர் பலகையில் சைன் என்று எழுதி, அதன் தலைமாட்டில் சின்னதாக மைனஸ் ஒன்று போட்டு, பக்கத்தில் அரை என்று எழுதி, இது எவ்வளவு என்று கேட்டார். பையன்கள் அத்தனை பேரும் இரண்டு என்று கத்தினார்கள், இவள் மட்டும் எழுந்து முப்பது டிகிரி என்றாள். வகுப்பே சிரித்தது. மாஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாக்கட்டியை நீட்டி வந்து காட்டச் சொன்னார். ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விரலில் ஊசி ஏறியதுகூடத் தெரியவில்லை.

அவள் ஒரு முக்கோணம் போட்டாள், சாய்ந்த பக்கம் இரண்டு, நிமிர்ந்த பக்கம் ஒன்று. இங்கிலீஷில் பேசியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். "நிமிந்த பக்கத்துக்கு எதிர்மூலை முப்பது டிகிரிம்மா. உயரத்தச் சாய்வால வகுத்தா அரை, அதான் சைன். அதத் தலைகீழாக்கினா இரண்டு, அதுக்குக் கோசெக்னு தனிப்பேரு இருக்கு. மாஸ்டர் கேட்டது அது இல்ல. அரை கையில இருக்கு, அது எந்த மூலையில இருந்து வந்துச்சுன்னு திரும்பிப் போய்ப் பாக்கணும்." எனக்கே புரிந்தது ஐயா. ஒரு பையன் விடாமல், சைனுக்கு மேலே இரண்டு போட்டால் அதை அதாலேயே பெருக்குகிறோமே, மைனஸ் ஒன்று போட்டால் மட்டும் ஏன் ஒன்றை அதால் வகுக்கக்கூடாது என்று மடக்கியிருக்கிறான். நீ கேட்பது நியாயந்தான், எழுதுகிற வழக்கம் அப்படி ஆகிவிட்டது, இங்கே அது திரும்பிப் போவதற்கான குறி என்று சொன்னாளாம். சிரித்தவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை, துணைக்கு மாஸ்டரையும் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் மாஸ்டர் வெளியே வந்து, "தவணை முடியிற வரைக்கும் பாக்க வேண்டியதில்லம்மா, பெரிய பரீட்சைக்கு இவ பேரக் குடுக்கப் போறேன்" என்றார். எனக்குக் கை கூப்பத்தான் தெரிந்தது. ரிக்‌ஷாவில் ஏறியதும் இவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள், தப்பாகச் சொல்லியிருந்தால் இனிமேல் எந்தப் பெண்ணையும் சேர்த்திருக்க மாட்டார்களே என்று. அந்தப் பயத்தோடுதான் அவ்வளவு நேரம் பலகை முன்னால் நின்றிருக்கிறாள். உன் மாமா இப்போது செமோர் வரைக்கும் போய் என் அக்கா மகள் என்று பேசிக்கொண்டு திரிகிறார்.

டிசம்பரில் பரீட்சை. அங்கே வராந்தாவில்கூட யாரையும் உட்கார விடமாட்டார்களாம். அவள் பயப்படவில்லை, நான்தான் இப்போதே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். லீவு சொல்லிவிட்டு வந்து எனக்குத் துணையாக வாசலில் நில் ஐயா. நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்கவேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
நல்லம்மாள்